மறுபடி ஒன்று

தலைமை அலுவலகத்தின் சுற்றறிக்கை:
வேலைக்கு நடுவே ஐந்து நிமிடம்
கண்களை மூடி மூச்சை எண்ணவும்.

ராயபுரம் கிளை, இரண்டாம் கவுன்ட்டர்.
கேஷியர் கண்ணை மூடினால்
தலைக்கு மேலே கேமரா மூடாது.

நோட்டு எண்ணும் மெஷின் திங்களிலிருந்து ரிப்பேர்.
காசிமேட்டு சலோமி
கண்ணாடிக்கு அடியில் கட்டுகளைத் தள்ளுகிறாள்.
நூறு ரூபாய்த் தாள்கள், ஓரமெல்லாம் ஐஸ் தண்ணீர்.
என் பஞ்சுக் கிண்ணத்துக்கு இன்று வேலையில்லை.

முப்பத்தொன்பது, நாற்பது,
மகனின் ஃபீஸுக்கு இன்றே கடைசி நாள்,
நாற்பத்து... எத்தனை?
மறுபடி ஒன்று.

அறுபத்தேழில்
காலையில் மேனேஜர் சொன்ன அந்த வார்த்தை.
மறுபடி ஒன்று.

வரிசையில் யாரோ உச்சுக்கொட்டுகிறார்.
நிமிர்ந்தால் இதுவும் போய்விடும்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
சலோமியின் உதடுகளும் சத்தமில்லாமல் அசைகின்றன,
என் விரலோடு, தாள் தாளாக.
எழுபது. எழுபத்தொன்று.
ஒரு தாளில் ஒட்டியிருக்கிறது செதில்,
டியூப்லைட்டில் ஊதாவாக மின்னி.
எண்பத்தாறு.
தொண்ணூற்றொன்பது.
நூறு.
ரப்பர் பேண்ட் சுண்டும் சத்தம்.

இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம்.

மாலையில் படிவம் வந்தது:
இன்று பயிற்சி செய்தீர்களா?
இல்லை என்று டிக் அடித்தேன்.
பேனாவெல்லாம் நெத்திலி வாடை.