பதினேழாவது கண்

இரவு உலாவுக்குத் தலைக்கு முப்பது சோல்.
ரப்பர் பூட்ஸ் இலவசம், கொசு உங்கள் பொறுப்பு
என்று சிரிக்கவைப்பான் வழிகாட்டி ஏவர்.
படகு என்னுடையது.
நான் சிரிப்பதில்லை,
சுக்கான் பிடிப்பவள் தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

ஆற்றுக்குக் கடவுளின் தாய் என்று பெயர்.
மழைக்காலத்தில் பால் விட்ட காப்பி.
போன வருடத்து மணல்திட்டு இப்போது வேறு யாருடைய கரையிலோ.
வேரோடு பெயர்ந்த மரங்கள்
நீருக்கடியில் வரும்,
முட்டினால்தான் தெரியும்.

காலையில் களிமண் தின்ன
மக்காவ் கிளிகள் ஆறு மணிக்கு வரும்
என்று பலகையில் எழுதியிருக்கிறோம்.
கிளிகளுக்குப் படிக்கத் தெரியாது.
இன்று கழுகு ஒன்று வந்து உட்கார்ந்தது.
பெர்லின்காரி பணத்தைத் திருப்பிக் கேட்டாள்.

விடுதியின் மேசையில் ஆற்றுமீன் கிடையாது.
குளத்து மீன், ஐஸ்பெட்டியில், ஊரிலிருந்து வரும்.
ஏன் என்று கேட்டவர் இல்லை.
ஆற்றுமீனை
நாங்கள் வீட்டில் தின்கிறோம்.

இரண்டாவது வளைவில் மோட்டாரை நிறுத்துவேன்.
அதற்குச் சற்று முன்பே
எதிர்க்கரையில் இன்னொரு இயந்திரம் நின்றிருக்கும்:
மணலை உறிஞ்சிப் பொன் சலிக்கும் தெப்பம்.
என் மோட்டாரின் இருமலை
என் தம்பி தெல்ஃபோர் அறிவான்.
ஞாயிற்றுக்கிழமை வருவான்.
பாதரசம் பிசைந்த விரல்களை
மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான்
என் மகளுக்கு மிட்டாய் உரித்துத் தருவான்.

"கேளுங்கள்," என்பான் ஏவர், "காட்டின் அமைதி."
எல்லோரும் கண்மூடிக் கேட்பார்கள்.
அது என் தம்பி கொடுத்த அமைதி.

பிறகு டார்ச். கரையோரம் கேமன் முதலைகளின் கண்கள்,
அடுப்பிலிருந்து சிதறிய கங்குகள் மாதிரி.
லீமாவிலிருந்து வந்த பையன் எண்ணினான்.
பதினாறு, பதினேழு.
"அந்தக் கடைசிக் கண் மட்டும்
ஏன் மேலே போகிறது, கீழே வருகிறது?
ஏன் மங்கி மங்கி எரிகிறது?"

ஏவர் என்னைப் பார்த்தான்.
சிகரெட்டை விடுகிறேன் என்று
ஈஸ்டரிலேயே சத்தியம் செய்திருந்தான் பாவி.

"அது கிழட்டு முதலை," என்றேன்.
"மூச்சு வாங்குகிறது."

பையன் நோட்டில் எழுதிக்கொண்டான்.

கயிற்றை மூன்று தரம் இழுத்ததும் மோட்டார் பிடித்தது.
நாங்கள் வளைவு தாண்டும்வரை காத்திருந்து,
அதற்குப் பிறகும் கொஞ்சம் காத்திருந்து
அக்கரையில் அது மறுபடி தொடங்கியது.
"இடியா?" என்றாள் பெர்லின்காரி.
வானம் நிறைய நட்சத்திரம்.