மேற்கே போகிறவர்களுக்கு

பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளுங்கள்.
பெட்டியின் உயரம் பார்த்துத்தான் கட்டில் செய்திருக்கிறார்கள்.
என் பெயர் மோர்வென்னா. நாலாம் தளம், இடப்பக்கம்,
இருபத்திரண்டு அறைகள் என் பொறுப்பு.
சவுத்தாம்ப்டன் கரை தெரியும்போதே சொல்லிவிடுகிறேன்.
பிறகு உங்கள் காது என்னிடம் இருக்காது,
வயிற்றிடம் இருக்கும்.

மேல்தளத்துப் பால்கனி கிடைக்கவில்லையே என்று வருந்தாதீர்கள்.
தராசில் தட்டுதான் ஆடும். முள்ளின் அடி ஆடாது.
நீங்கள் முள்ளின் அடியில் இருக்கிறீர்கள்.

பச்சை ஆப்பிள். உப்பு பிஸ்கட். வெறும் வயிறு கூடாது.
படுத்துக்கொண்டு கூரையை முறைக்காதீர்கள்.
எழுந்து மேலே போய்
கடலையும் வானத்தையும் தைத்த இடத்தைப் பாருங்கள்.
இங்கே அசையாதது அது ஒன்றுதான்.

இரவில் சுவர் முனகும்.
பலகைக்கும் பலகைக்கும் நடுவே
பழைய உணவுப் பட்டியலை நாலாக மடித்துச் செருகுங்கள்.
நேற்றைய ஆட்டுக்கறி அங்காவது உதவட்டும்.

கதவுச் சட்டத்தில் விரல் வைக்காதீர்கள்.
இதை இரண்டு முறை சொல்வது என் வழக்கம்:
கதவுச் சட்டத்தில் விரல் வைக்காதீர்கள்.
இந்தக் கதவுகள் அலையின் பேச்சை மட்டும் கேட்கும்.

இரவு உணவுக்குக் கறுப்புக் கோட்டு.
இல்லையென்றால் சலவையறை ரோடெலியோவிடம் கேளுங்கள்,
யாரோ விட்டுப்போனது ஒன்று இருக்கும்,
தோளில் கொஞ்சம் இறுக்கும்.
மேசையில் வாய்த்தவர்களைப் பிடிக்கவில்லையா,
முதல் இரவே பரிசாரகரிடம் சொல்லிவிடுங்கள்.
மூன்றாம் இரவு சொன்னால் அது விவாகரத்து.

துணி துவைக்கக் காலை ஆறு மணிக்குப் போங்கள்.
ஏழுக்குப் பிறகு அங்கே போர்.
ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர்
உலர்த்தும் இயந்திரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து
இடம் பிடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

இனி, கடிகாரம்.
இரவு இரண்டு மணி அடிக்க வேண்டிய நேரத்தில்
மறுபடியும் ஒரு மணி ஆகும்.
ஏழு இரவில் ஐந்து இரவு அப்படி.
யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத ஒரு மணி நேரம்.
பெரும்பாலோர் தூங்கிவிடுகிறார்கள். நல்லது.

ஆம்ப்ரோஸ் டல்லக் தூங்கவில்லை.
ஷெட்லாண்டுக்காரர், உங்கள் பக்கத்து அறைதான்.
மனைவியைத் தேயிலை டப்பாவில் கொண்டுவந்திருந்தார்.
யாரிடமும் சொல்லவில்லை.
அந்த உபரி மணியில், தனியாக,
கப்பலின் முன்தளத்தில் போய் நின்று
மூடியைத் திறந்தார்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்வது
நெல்லுக்குச் சரி.

காலையில் அவர் கோட்டைத் துலக்கினேன்.
காலர் மடிப்பு. பாக்கெட்டின் ஓரத் தையல்.
தூரிகையில் வந்ததை
உதறவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் நின்றேன்.
"அவளுக்குக் கடல் பிடிக்காது" என்றார்,
"நான்தான் இழுத்துவந்தேன்."
பிறகு டப்பாவை நீட்டினார்.
நான் தூரிகையைத் தட்டினேன், மெதுவாக,
சர்க்கரை அளப்பதுபோல.
இருந்ததை எடுத்துக்கொண்டு ஊருக்கே திரும்பினார்,
விமானத்தில்.

ஆகவே, அப்படி ஏதாவது கொண்டுவந்திருந்தால்
வரவேற்பு மேசையில் சொல்லுங்கள். படிவம் உண்டு.
அதிகாரி ஒருவர் கூட வருவார்,
கப்பலின் பின்பக்கம், காற்று முதுகில் படும் இடம்.
அவர் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு
வேறு பக்கம் பார்ப்பார்.

என்னைக் கேட்கிறீர்களா, அந்த ஐந்து மணி நேரத்தை?
கிழக்கே திரும்பும்போது பிடுங்கிக்கொள்கிறார்கள்.
பத்தொன்பது வருடத்தில்
ஒரு நிமிடம் கையில் தங்கியதில்லை.

நியூயார்க் பாலத்துக்கு நாலரைக்கே அலாரம் வையுங்கள்.
புகைபோக்கி இடித்துவிடும் போலிருக்கும். இடிக்காது.
இருந்தும் எல்லோரும் குனிவார்கள். நானும்.

பெட்டியை முந்தின இரவே வெளியே வைக்க வேண்டும்.
காலையில் உடுத்த வேண்டியதை
அதற்குள் போட்டுப் பூட்டிவிடாதீர்கள்.
ஒவ்வொரு பயணத்திலும் யாரோ ஒருவர்
பைஜாமாவோடு அமெரிக்காவில் இறங்குகிறார்.