நாலாம் விடயம்

தவிசாளர் ஒலிவாங்கியை நிறுத்தியது
பத்து நாற்பத்திரண்டுக்கு.
அதை எழுதியிருக்கிறேன்.
உறுப்பினர் நவரஞ்சினி பேசிக்கொண்டிருந்தது
குடிமனைகளுக்கு நடுவில் எரிகிற சுடலையைப் பற்றி,
கொடியில் காயும் பள்ளிச் சீருடையில்
சாம்பல் வந்து படிவதைப் பற்றி.
வழிமொழிய ஒருவருமில்லை.
அதையும் எழுதியிருக்கிறேன்.

எழுதாதது:
முதற் கூட்டத்தன்று எல்லோருக்கும் பீங்கான் கோப்பை,
அவவுக்கு மட்டும் காகிதக் கப்.
"கழுவுற வேலை மிச்சம்" என்று சிரித்துக் குடித்தா.
நான் என் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒலிவாங்கி செத்த பிறகு
கதிரையைப் பின்னுக்குத் தள்ளி
செருப்பைக் கழற்றி
மேசைக்குக் கீழே சோடியாய் வைத்தா.
வெளிநடப்பு என்றுதான் பேனையை எடுத்தேன்.

குதிக்கால் ஒன்று விழுந்தது சீமெந்தில்.
பிறகு மற்றது.
சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி
தோள் எழும்பி இறங்க
மேசைகளுக்கு நடுவே,
எங்கள் வீட்டுச் சாவுகளுக்கெல்லாம்
அவவின் தகப்பன்
படலைக்கு வெளியே நின்று அடித்த அதே அடி.
பறை இல்லை. கால் மட்டும்.

"சபையோ இது, கூத்துக் கொட்டகையோ?"
ஆரோ கத்தினார்.
"கூத்தெண்டால் உங்கட கோயில் வீதியில
ஆட விட்டிருப்பியளோ?"
மூச்சிரைக்க, நிற்காமலே கேட்டா.

எழுநூற்றைம்பது பஸ்ஸில்
வல்லைவெளிக் காற்று யன்னலை அறைய
ஒருநாள் கைபேசியில் காட்டினா:
எங்கோ ஒரு நகரசபைப் படிகளில்
கறுப்புப் பெண்ணொருத்தி
உறுப்பினர் அட்டை கழுத்தில் துள்ளத் துள்ள ஆடுகிறாள்,
பொலிசுக்கு முன்னால்.
"எந்த நாடெண்டு தெரியேல்லை.
அந்தக் குதிக்கால் தெரியுது" என்றா.
எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

தண்ணீர்க் குவளைகள் நடுங்கின.
ஒருவரும் எழும்பவில்லை.
அந்த அடிக்கு எழும்பினால்
தூக்க ஒரு பாடை வேண்டுமே.
தவிசாளரின் சுட்டுவிரல் மட்டும்
அவருக்கே தெரியாமல்
மேசையில் தட்டிக்கொண்டிருந்தது.

நாலு நிமிடம்.
இருந்து, வியர்வை துடைத்து, செருப்பைப் போட்டு
"சேர்த்துக்கொள்ளுங்கோ தங்கச்சி" என்றா
என்னைப் பார்த்து.

ஆட்டத்துக்குக் கூட்டறிக்கையில் நிரல் இல்லை.
இரவு முழுக்க எழுதி வெட்டினேன்:
ஒழுங்கீனம். குழப்பம்.
சபை சற்று நேரம்…

காலையில் மிஞ்சியது:
விடயம் நான்கு. சுடலை.
முன்மொழிந்தவர் உறுப்பினர் இ. நவரஞ்சினி, காலால்.
வழிமொழிந்தவர்,
அந்த இடத்தை வெறுமையாய் விட்டிருக்கிறேன்.
நாளைக்குத் தவிசாளர் கையெழுத்துப் போட வருவார்.
விரலைப் பார்ப்பேன்.