பிற குறிப்புகள்

மார்பு உயரம் என்பது
ஒரு மீட்டர் முப்பத்தேழு சென்டிமீட்டர்.
யார் மார்பு என்று கையேட்டில் இல்லை.
எனக்கது மூக்கு நுனி.
நெட்டை பெள்ளிராஜ் அண்ணனுக்கு
சட்டைப்பையில் துருத்தும் பீடிக்கட்டு.

மஞ்சூருக்கு மேலே, மூன்றாம் பாத்தி.
இந்த மூட்டத்தில் பேனா அழும், பென்சில்தான்.
வெட்டிப் பதினெட்டு மாதமான கற்பூர மரங்கள்
கட்டைக்கு ஏழு, ஒன்பது, பதினொன்று என
மறுதாம்பு விட்டு நிற்கின்றன.
இதில் எது மரம்?
தடித்த மூன்றை அள, மற்றதை எண்ணு
என்கிறது கையேடு.
எண்ணி முடித்தவை இன்னும் தலையாட்டுகின்றன.

ஒல்லித் தண்டுகள் வட்டமில்லை, சதுரம்.
காலிபரை முகத்தில் வைத்தால் ஒன்று,
மூலையில் வைத்தால் வேறொன்று.
இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி
எந்தத் தண்டுக்கும் இல்லாத ஒரு தடிமனை
எழுதிக்கொள்கிறேன்.

நாற்பத்தொன்றாம் கட்டையில் ஒன்றுமே இல்லை.
புது வெட்டு. தைலம் மூக்கில் ஏறுகிறது.
இறப்பா, இழப்பா, பூஜ்யமா?
மூன்றுக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு.
யோசிப்பதற்குள்
சரிவிலிருந்து ஓர் இலைக்கட்டு நடந்து வந்தது.
அடியில் ராசகிளி.

என்னைப் பார்த்தாள். கட்டையைப் பார்த்தாள்.
ஓடவில்லை.
"எழுதிக்கம்மா, விடியுமுன்ன வெட்டுனது.
தைலக் கொட்டாய்க்கு."
இது மட்டும்தானா?
"வேலிக்கு அந்தாண்டையும் ரெண்டு."

தராசைச் சீகைமரக் கிளையில் மாட்டினோம்.
கட்டு சுழன்று சுழன்று நின்றது.
இருபத்து மூன்று கிலோ அறுநூறு.

அவள் முள்ளையே பார்த்திருந்தாள்.
இறக்கி, மறுபடி மாட்டச் சொன்னாள்.
இருபத்து மூன்று அறுநூறு.

"நேத்தும் இதே கயிறு, இதே கட்டுதான்.
பதினெட்டுன்னான்."

வெற்றுப் படிவம் ஒன்றின் முதுகில்
தேதி, எடை, தராசின் எண், என் கையெழுத்து.
"சீல் இல்லியா?"
மரத்துக்கு எண் போடும் சிவப்புப் பெயிண்டைத் தொட்டு
பெள்ளிராஜ் அண்ணன் கட்டைவிரலை
அழுத்தி வைத்தார்.
ஊதி ஊதிக் காயவைத்து
ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு இறங்கினாள்.

கோவையில் மூன்று நாள், எண்பது டிகிரியில்
உலர்அடுப்பு ஈரத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு
மிச்சத்தை மட்டும் கிராமில் சொல்லும்.
நாற்பத்தொன்றுக்கு மாதிரி இல்லை.
கடைசி நிரலில்,
இடம் போதாமல் நெருக்கி எழுதியிருக்கிறேன்:
ஐந்து கிலோ அறுநூறு.

எந்த மரத்தினுடையது என்று
வழிகாட்டி கேட்பார்.
கேட்கட்டும்.