இருபத்திநாலு கிராம்

ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ.
எட்டாவது வரை படித்தேன், யாரும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தாலும்
அன்று நிறுக்க என்னிடம் என்ன இருந்தது.

சொன்னது எஸ்னாத்.
மலாவி நாட்டில் தியோலோ என்ற மலைச்சரிவில்
தேயிலை கிள்ளுகிறவள்.
அவள் பேசியதை அவள் மகன் இங்கிலீஷில் எழுதினான்.
சலாலாவில் நர்ஸாக இருக்கும் ஆலங்குளத்து ஜெபக்கனி
நைட் டூட்டிக்கு நடுவே
எங்கள் பேச்சில் திருப்பிப் போட்டாள்.
"ஏளா, தராசு மேல சந்தேகமா இருந்தா
சீல் பிரிக்காத தண்ணி பாட்டில வச்சுப் பாக்கணுமாம்."
பின்னால் ஏதோ மெஷின்
யாருடைய மூச்சையோ எண்ணிக்கொண்டிருந்தது.

சந்தேகம் எனக்குப் பதினோரு வருசம்.
ஆயிரம் பீடிக்கென்று கடையில் நிறுத்துத் தரும் இலை
எண்ணூற்றைம்பதிலேயே தீர்ந்துபோகும்.
மிச்சத்துக்குக் கைக்காசில் இலை வாங்குவேன்.
"நீ பெருசா வெட்டுதே" என்பார் கணக்குப்பிள்ளை.
நானும் கத்தரியைத்தான் திட்டினேன்.

இருபது ரூபாய் கொடுத்து ஒரு பாட்டில் வாங்கினேன்.
மூணு கட்டு பீடிக் கூலி.
பின்னாலேயே தாமிரபரணி
ஓசியில் போய்க்கொண்டிருந்தது.

தாகத்துக்குக் கொண்டுபோனவள் மாதிரி
பேச்சோடு பேச்சாய்த் தராசில் வைத்தேன்.
சிவப்பு எண்கள் கொஞ்சம் தடுமாறி
ஒண்ணு புள்ளி ஒண்ணு பூஜ்யம் ஆறில் நின்றன.

"கிலோவுக்கு நூத்தியாறு கிராம் களவு" என்றேன்.
இலை நனைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.
கணக்குப்பிள்ளை பாட்டிலைத் தூக்கி
விரலால் ரெண்டு சுண்டு சுண்டினார்.
"இது என்ன, காத்துலயா செஞ்சிருக்கு?
பாட்டிலுக்குக் கனம் கிடையாதோ?"

சிரித்தவர்களில்
முப்பிடாதியும் இருந்தாள்.
என்னோடு சேர்ந்து கடன் கட்டுகிறவள்.

வீட்டுக்கு வந்து ஒரு மடக்கில் பாதியைக் குடித்தேன்.
மீதியை முருங்கைக்கு ஊற்றினேன்.
காலிப் பாட்டிலை நகைக்கடையில் நிறுக்கச் சொன்னபோது
அந்தப் பையன் என் காதைப் பார்த்தான், தோடு இருக்கிறதா என்று.
மூடியோடு இருபத்திநாலு கிராம்.

கழித்தேன்.
எண்பத்திரண்டு.
களவு சின்னதாகிவிட்டது, ஆனால் போகவில்லை.

மறுவாரம் பன்னிரண்டு பேர்
பன்னிரண்டு பாட்டிலோடு வரிசையில் நின்றோம்.
முப்பிடாதி காலிப் பாட்டில் ஒன்றும் தனியாக வைத்திருந்தாள்,
கேட்டால் காட்ட.
யாரும் கேட்கவில்லை.
"தராசு ரிப்பேர்" என்று ஷட்டர் பாதி இறங்கியது.
திங்கட்கிழமை வேறு தராசு.

இதனால் கஷ்டம் தீர்ந்ததா என்றால், இல்லை.
கடன்காரன் அதே செவ்வாய்க்கிழமைதான் வருகிறான்.
இலை ஆயிரத்துக்குப் பக்கம் வருகிறது,
வாரத்தில் ஒரு நாள் வீட்டில் முட்டைக் குழம்பு,
அவ்வளவுதான்.

நான் சொல்லவந்தது அதுவும் இல்லை.

கடையில் பட்ட அவமானத்தை
ஒரு ராத்திரி ஜெபக்கனிக்குப் பேசி அனுப்பினேன்,
அழுகையோடுதான்.
அவள் அதை எஸ்னாத்துக்கு அனுப்பிவிட்டாள்.
மூணு நாள் பதில் இல்லை.

பிறகு வந்தது.
அவர்கள் ஊரில் கிள்ளிய இலையைக் கொடுக்கிறவர்கள் அவர்கள்.
அங்கே தராசு குறைத்துக் காட்டுமாம்.
பாட்டிலோடு வைத்தால் தொள்ளாயிரத்து ஐம்பது,
ஆக ஐம்பது கிராம்தான் போகிறது என்று
ரெண்டு வருசமாய் அந்தக் கணக்கில்
சண்டை போட்டிருக்கிறார்கள்.
பாட்டிலுக்குக் கனம் உண்டென்று
ஒருத்தருக்கும் தோன்றவில்லை.
ஐம்பது இல்லை, எழுபத்திநாலு.

எனக்கு உடம்பு சிலிர்த்தது.
என்னைச் சிரிக்கவைத்து அனுப்பிய அதே சொல்
கடல் தாண்டிப் போய்
நான் பார்க்காத ஒரு மலையில்
ஒவ்வொரு கூடைக்கும் பேசியிருக்கிறது.

இப்போது பீடி இலை பறிக்கிற ஒடிசாக்காரி ஒருத்தி
ஏதோ கேட்டிருக்கிறாள்.
அவள் மொழிக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.
தேடிக்கொண்டிருக்கிறோம்.

எஸ்னாத் கடைசியாகச் சொன்னதை
ஜெபக்கனி சிரித்துக்கொண்டே போட்டிருந்தாள்:
"பாட்டில் கனத்தச் சொன்ன அந்த மகராசனுக்கு
நன்றி சொல்லிரணுமாம்."

நான் சொல்லவில்லை.