நகராத கோடு

பர்கூர் தாண்டி கிரானைட் லாரிகள் திரும்பும் முனை.
பஞ்சாயத்து கட்டடத்தில் முகாம்.
மேசை ஆடுகிறது என்று ஒரு காலுக்கு அடியில்
பழைய வாக்காளர் பட்டியலை மடித்துக் கொடுத்திருக்கிறேன்.

தலைமுடி கனத்தில் கண்ணாடி இழை.
இரண்டு சென்டிமீட்டருக்கு மட்டும் மேலுறை உரித்து
நேற்றிரவு அமிலத்தில் மெலிய வைத்தது.
அந்த இடத்தில் ஒளி,
வேலிக்குள் கட்டிய ஆடு மாதிரி,
கொஞ்சம் வெளியே தலை நீட்டும்.
அது எட்டும் தூரத்தில்
நான் ஒட்டிவைத்த ஆன்டிபாடிகள்.

திம்மராயன்.
வயது ஐம்பத்திரண்டு என்றார், ஆதாரில் நாற்பத்தாறு.
ஜாக்ஹாமரில் இருபத்துமூன்று வருடம்.
விரலை நீட்டச் சொன்னேன்.
அடமானம் வைப்பதுபோல
முழுக்கையையும் மேசையில் வைத்தார்.
முதல் குத்தில் இரத்தம் வரவில்லை, அவ்வளவு காய்ப்பு.
மன்னிப்புக் கேட்டார்,
அவர், என்னிடம்.

நலமான நுரையீரல்
இரத்தத்தில் கசியவிடும் புரதம் ஒன்று உண்டு.
அது வந்து ஒட்டினால்
திரையில் கோடு வலப்பக்கம் நகரும்.
காலையில் சரிபார்த்தபோது
என்னுடையது நகர்ந்தது.
டிரைவர் நவாஸுடையதும்,
இத்தனை பீடிக்குப் பிறகும், நகர்ந்தது.

பத்து நிமிடம்.
பின்னால் வரிசையில் இருமல்
ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்துக்கொண்டார்.

பன்னிரண்டரைக்குக் குவாரியில் வெடி.
தண்ணீர் பாட்டிலுக்குள் வட்டங்கள்.
கோடு துள்ளியது.
நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
அதிர்வு அடங்கியதும்
பழைய இடத்துக்கே வந்து நின்றது.

"ஒண்ணும் இல்லியாம்மா?"
முகமெல்லாம் நிம்மதி.

ஒன்றும் இல்லைதான்.
இருக்க வேண்டியது இல்லை.
இதை எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது?
எக்ஸ்ரே எடுத்தால்தான் உறுதி என்றேன்.
கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினேன்.
போனால் அன்றைய கூலி போகும் என்பது
சீட்டில் எழுத இடமில்லாத விஷயம்.

இழையும் சிலிக்கா. அவர் துளைத்த பாறையிலும் அதுதான்.
ஒன்றை உலையில் உருக்கி
நூலாக இழுத்தார்கள்.
மற்றதை இவர்
மூச்சாக இழுத்தார்.

கழற்றி வைத்த இழையை உற்றுப் பார்த்தவர்
"தொட்டுப் பாக்கலாமா?" என்றார்.
கை நீண்டுவிட்டது.
வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டேன்:
"வேண்டாங்க. முறிஞ்சா தூள் உள்ள போயிடும்."

சிரித்தார்.
சிரிப்பு பாதியில் இருமலாகி
மேசை மறுபடி ஆடியது.
அடுத்த பெயர் கையில் இருந்தது.
அவர் முடிக்கும் வரை
கூப்பிடவில்லை.