பத்து நிமிடம்

வின்னிபெக்கில், எங்கள் பதினேழாவது கல்யாண நாளில்
மேசைத்துணி விரித்த கடையொன்றில்தான்
முதன்முதலாய்த் தின்றோம்.
ஒரு துண்டு. மூன்று திராட்சை.
பெயர் தெரியாத ஏதோ ஓர் இலை.
இருபத்திரண்டு டாலர்.
பில்லைப் பார்த்த ஓரெஸ்ட்
தட்டில் உதிர்ந்த பொறுக்கைக்கூட
விரல்நுனியால் ஒற்றி எடுத்தான்.
"இதை வீட்டிலேயே செய்துவிடலாம்" என்றேன்.
எல்லோரும் சொல்வதுதான்.
நான் செய்தேன்.

மாவு கடையில் வாங்கியது, அதில் ஒளிக்க என்ன இருக்கிறது.
இரவே ஃப்ரீசரிலிருந்து கீழே இறக்கி வைத்தால்
காலையில் சொன்னபடி மடங்கும்.
நடுவில் முழு வட்டமாய் ப்ரீ,
வெள்ளைத் தோலோடு.
(தோலைச் சீவுகிறவர்களோடு எனக்குச் சகவாசமில்லை.)
மேலே கிரான்பெர்ரி ஜாம்,
நொறுக்கிய வால்நட், கொஞ்சம் மிளகு.
நான்கு முனையையும் இழுத்து மூட்டை கட்டி
முட்டை பூசி,
மிஞ்சிய மாவில்
கர்லிங் துடைப்பம் ஒன்று வெட்டி ஒட்டினேன்.
வெந்தபின் அது கோழிக்கால் மாதிரி இருந்தது.
இருக்கட்டும்.

நீப்பாவா கர்லிங் கிளப்பில் ஜனவரி விருந்து.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கட்டிப்போட்ட மாடுகள் போல
ஒவ்வொரு காருக்கும் ஒரு மின்கயிறு.
உள்ளே நீள மேசை;
கிழக்கே இரண்டு அங்குலம் தாழ்ந்த தரை,
பெவர்லியின் ஜெல்லி சாலட்
வருடாவருடம் அந்தப் பக்கமே சாய்ந்து நடுங்கும்.

மேசைக்கு இந்தப் பக்கம் என் புருஷன்.
அந்தப் பக்கம் என் தம்பி ஆல்வின்.
போன பிப்ரவரி, கடைசி ஆட்டம், கடைசிச் சுற்று,
வட்டத்துக்குள் இரண்டு கற்கள்.
கோல் வைத்து அளந்தார்கள்.
தீப்பெட்டி அட்டை கனம்தான் வித்தியாசம்.
அளந்தவன் ஓரெஸ்ட். தோற்றவன் ஆல்வின்.
அன்றிலிருந்து எல்லாப் பேச்சும் என் வழியாக.
"உன் புருஷனிடம் சொல், என் ஏணி வேண்டும்."
"உன் தம்பியிடம் சொல், ஏணி அவன் கொட்டகையில்தான்."
பதினோரு மாதமாய் ஓர் ஏணியைச்
சுமந்துகொண்டிருக்கிறேன் நான்.

அடுப்பிலிருந்து எடுத்தபோது
அறையே திரும்பிப் பார்த்தது.
பொன்னிறம், அடுக்கடுக்காய் உப்பி,
மூச்சு விடுவதுபோல் ஒரு சிறு சத்தம்.
"பத்து நிமிடம். யாரும் தொடக்கூடாது.
உள்ளே இன்னும் கொதிக்கிறது."
சொல்லிவிட்டு
தட்டு எடுக்கத் திரும்பினேன்.

நாலாவது நிமிடம் கத்தி வைத்தது
ஆல்வின்தான். பிறவிக் குணம்.
ஐந்து வயதில் பிறந்தநாள் கேக்கின் அடியில்
விரல் விட்டவன்.

உடைந்தது.
அவசரமே இல்லாமல் வெளியே வந்தது,
பளபளவென்று, ஜாமின் சிவப்பை இழுத்துக்கொண்டு,
பலகையைத் தாண்டி
பிளாஸ்டிக் விரிப்பில் இறங்கிக்
கிழக்கே நகர ஆரம்பித்தது.
நேராக, நிதானமாக.
நாற்பது வருடம் கல் உருட்டியவர்கள் அத்தனை பேரும்
மூச்சை அடக்கி அதன் பாதையைப் பார்த்தார்கள்.

அப்போது கேட்டது அந்தக் குரல்.
பனித்தளம் முழுக்க எதிரொலிக்குமே, அது.
"தேய்! தேய் ஆல்வின்! தேயடா!"

ஆல்வின் ரொட்டியைப் பிடுங்கித் தேய்த்தான்.
தேய்த்தால் தூரம் போகும் என்பது
கல்லுக்கு விதி. இதற்கு அப்படியில்லை.
ஓரெஸ்ட் மறுமுனையில் ஆப்பிள் துண்டால் அணை கட்டினான்.
பெவர்லி கரண்டியோடு பாய்ந்தாள்.
கை சுட்டது, ஊதினார்கள், தின்றார்கள்,
வாய் சுட்டது, அதையும் ஊதினார்கள்.
மேசை ஓரத்துக்கு ஒரு சாண் முன்னால்
நின்றுவிட்டது.

"ஒரு சாண் இல்லை, ஆறு அங்குலம்" என்றான் ஆல்வின்.
"ஏழு" என்றான் ஓரெஸ்ட்.
"நீ அளக்காதே!"
"வேறு யார் அளப்பது?"
பிறகு மொறுமொறுப்பான கடைசி மூலைக்குச் சண்டை.
நேருக்கு நேர். சத்தமாக.
நடுவில் நான் இல்லாமல்.

எனக்கு மிஞ்சியது
பேக்கிங் காகிதத்தில் ஒட்டிய கருகல்:
வழிந்த சீஸ், எரிந்த ஜாம், வால்நட் ஒன்று.
சமையலறை விளக்கை அணைத்துவிட்டு
நின்றபடியே சுரண்டித் தின்றேன்.

கடையில் இருபத்திரண்டு டாலருக்கு
இந்தப் பகுதியை அவர்கள்
மேசைக்கே கொண்டுவரவில்லை.